ஆபத்தான பயணம் பெண்களுக்கு, கட்டளையிடும் பொறுப்பு ஆணுக்கா?

கேள்வி

அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் 1970ஆம் ஆண்டு ஒளிபரப்பிய ‘வைல்ட் விமன்’ என்னும் தொலைக்காட்சிப் படத்தை அண்மையில் பார்த்தேன். 1840களில் டெக்சாஸை நோக்கிச் செல்லும் ராணுவப் பொறியாளர்கள், குடியேறப் போகும் குடும்பத்தினரைப் போல வேடமிட்டு, கூண்டு வண்டிகளில் ஆயுதங்களை மறைத்துக் கொண்டுபோக வேண்டும். மனைவியர் உடன் இல்லாவிட்டால் அந்த வேடத்தை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், சிறையிலிருக்கும் பெண்களை அழைத்துச் செல்கிறார்கள். இவ்வளவு நல்ல கரு கையில் இருந்தும், பணியின் ஆபத்தைப் பெண்கள் சுமக்க, கட்டளையிடும் பொறுப்பு ஹியூ ஓபிரையன் ஏற்ற பாத்திரத்திடமே இருப்பது எனக்கு ஏமாற்றமளித்தது. இது திரைக்கதையின் குறையா, தொலைக்காட்சிப் படம் என்ற வடிவத்தின் குறையா? மேலும், அக்காலத்து ராணுவத்துடன் பெண்கள் இவ்வாறு பயணம் செய்திருக்க வாய்ப்பு உண்டா?

மறுமொழி 1

வடிவத்தின் பங்கு பெரிது என்பது என் கருத்து. ஏபிசியின் வாராந்தரத் திரைப்பட வரிசை 1969 முதல் 1975 வரை நடைபெற்றது. அதில் ஒரு படத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 90 நிமிடம். விளம்பரங்களைக் கழித்தால் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 75 நிமிடம் மட்டுமே. ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கு முன்பும் பார்வையாளர் எழுந்து போகாதபடி ஒரு நெருக்கடியை வைத்தாக வேண்டும் என்பதால், பல பெண்களைக் கொண்ட ஒரு குழுவில் ஆளுக்கு ஒரு குணத்தை ஒட்டிவிட்டு அடுத்த காட்சிக்கு ஓடுவதைத் தவிர எழுத்தாளருக்கு அதிக வழி இருந்திருக்காது.

நடிகர் தேர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓபிரையன் 1955 முதல் 1961 வரை அதே ஏபிசியில் வையட் எர்ப் என்னும் காவல் அதிகாரியாக நடித்தவர். அவர் குதிரையின் மீது அமர்ந்தவுடனேயே தலைவர் யார் என்பது பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். அறிமுகத்துக்கு ஒரு காட்சிகூடத் தேவைப்படாது.

மறுமொழி 2

தங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை கூறுகிறேன். படத்தைவிட வரலாறுதான் எனக்குச் சுவையாக இருக்கிறது.

அமெரிக்க ராணுவத்துடன் பெண்கள் செல்வது அக்காலத்தில் புதுமையான செய்தியன்று. 1802ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘கம்பெனி’ எனப்படும் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் நான்கு சலவைப் பெண்கள் வரை அனுமதிக்கப்பட்டனர். அவர்களுக்கு ராணுவமே உணவுப் பங்கு அளித்தது. டெக்சாஸ் 1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்து, 1845இல் அமெரிக்காவுடன் இணைந்தது. அவ்வாண்டில் ஜெனரல் சக்கரி டெய்லரின் படை கார்பஸ் கிறிஸ்டியில் முகாமிட்டபோது அதனுடன் வந்தவர்களில் ஒருவர் சாரா போமன். 1846 மே மாதம், ரியோ கிராண்டே கரையிலிருந்த டெக்சாஸ் கோட்டையின் மீது மெக்சிகோப் படை பல நாட்கள் பீரங்கித் தாக்குதல் நடத்தியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த இடத்திலேயே அவர் படைவீரர்களுக்கு உணவு சமைத்துக் கொடுத்தார். ஒரு பெரிய நீராவிக் கப்பலின் பெயரால் ‘கிரேட் வெஸ்டர்ன்’ என்று அவரை அழைத்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் கற்பனை செய்யாமலே ஒரு கதாநாயகி அங்கே இருந்திருக்கிறார்.

குடும்பம் உடனிருந்தால் வண்டித் தொடரைக் குடியேறிகளுடையது என்று பார்ப்பவர் எண்ணுவார்கள் என்ற தந்திரமும் நம்பத்தக்கதே. சிறைப் பெண்கள் என்ற பகுதியைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையில் பெண்களுக்கென்று 1839இல் தனிப் பிரிவு திறக்கப்பட்டது. 1844 முதல் 1848 வரை அதன் தலைமைக் காப்பாளராக இருந்த எலைசா ஃபார்னம், கைதிகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்தும் கடுமையான மௌன விதியைத் தளர்த்தியும் பழைமைவாதிகளின் பகையைத் தேடிக்கொண்டவர். வேலையை விட்ட மறு ஆண்டே, திருமணமாகாத பெண்களைத் திரட்டிக் கலிபோர்னியாவுக்குக் கப்பலில் அழைத்துச் செல்ல அவர் திட்டமிட்டார். மிகச் சிலரே உடன் வந்தார்கள். சிறை, பெண்கள், மேற்கு நோக்கிய பயணம் ஆகிய மூன்றும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கின்றன. ஆனால் அங்கே வழிநடத்தியவர் ஒரு பெண்.

கேள்வி கேட்டவர்

ஃபார்னம் பற்றிய செய்திக்கு மிக்க நன்றி. கைதிகளை அழைத்துச் செல்லும் பொறுப்பை அவரைப் போன்ற ஒரு காப்பாளரிடம் கொடுத்திருந்தால், அதே 75 நிமிடத்தில் முற்றிலும் வேறொரு படம் கிடைத்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆகவே நேரக் குறைவு என்ற காரணத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

மறுமொழி 3

நானும் ஏற்கவில்லை. இதற்கான சான்று அந்தப் படத்தின் நடிகையரிடமே இருக்கிறது. அதில் நடித்த ஆன் ஃபிரான்சிஸ், 1965–66இல் அதே ஏபிசியில் ‘ஹனி வெஸ்ட்’ என்ற தொடரில் தனியார் துப்பறிவாளராக வந்தவர். ஒவ்வொரு பகுதியும் அரை மணி நேரம்தான். விளம்பரமும் அதற்குள்ளேயே அடக்கம். எனினும் அங்கே திட்டமிடுபவரும் அவர்தான், அடிதடியில் இறங்குபவரும் அவர்தான். அரை மணியில் முடிந்தது ஒன்றரை மணியில் முடியவில்லை என்றால், குறையைக் கடிகாரத்தின் மீது சுமத்துவது பொருந்தாது. மறுமொழி 1 எழுதியவர் நடிகர் தேர்வைப் பற்றிச் சொன்னதுதான் உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் அது வடிவத்தின் கட்டாயமன்று, தயாரிப்பாளரின் விருப்பம்.

தயாரித்தது ஆரன் ஸ்பெல்லிங்கின் நிறுவனம் என்பதையும் கவனிக்க வேண்டும். ஹனி வெஸ்ட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1976இல் தொடங்கி அவருக்குப் பெரும்புகழ் சேர்த்த ‘சார்லிஸ் ஏஞ்சல்ஸ்’ தொடரில் மூன்று பெண்கள் ஆபத்தை நோக்கிச் செல்கிறார்கள். யார் எங்கே போக வேண்டும் என்பதை முகம் காட்டாத ஓர் ஆண் தொலைபேசி ஒலிபெருக்கி வழியாகச் சொல்கிறார். தாங்கள் குறிப்பிட்ட ஏற்பாடு அங்கே குதிரையிலிருந்து இறங்கி அலுவலகத்துக்குள் வந்துவிட்டது என்றே நான் பார்க்கிறேன்.

இதே வரிசைப் படங்களில் 1973இல் வந்த ‘ஃபீமேல் ஆர்ட்டிலரி’யையும் பாருங்கள். கூண்டு வண்டிகளில் தனித்துப் பயணம் செய்யும் பெண்களின் கதை அது. அங்கும் டென்னிஸ் வீவர் என்ற ஆண் வந்து சேர்கிறார். அதில் நடித்த ஐடா லுப்பினோ, 1949 முதல் திரைப்படங்களையும், பின்னர் ‘வெஸ்டர்ன்’ எனப்படும் அமெரிக்க மேற்குப் பகுதிக் கதைகளைக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களின் பகுதிகளையும் தாமே இயக்கியவர். அவரைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, இயக்கத்தை மார்வின் சாம்ஸ்கியிடம் கொடுத்தார்கள்.