மாணவர் கட்டுரைகளை மின்னஞ்சலில் வாங்கினால் எந்த நேரத்தைக் கணக்கில் கொள்வது?

நெல்லைத் தமிழாசிரியை:

திருநெல்வேலிப் பக்கம் ஓர் உதவிபெறும் கல்லூரியில் முதுகலைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அகமதிப்பீட்டுக் கட்டுரைகளைச் சென்ற பருவத்திலிருந்து மின்னஞ்சலில் வாங்குகிறேன். தாளில் வாங்கினால் ஸ்பைரல் பைண்டிங், வண்ண அட்டை, நெகிழி உறை என்று பிள்ளைகள் காசைக் கொட்டுகிறார்கள். உள்ளே நான்கு பக்கம்தான் இருக்கும். மின்னஞ்சலில் வந்தால் கருத்துகளை ஓரத்தில் எழுதித் திருப்பியனுப்ப முடிகிறது. சிலர் அதைப் படித்துவிட்டுத் திருத்தி மறுபடி அனுப்பவும் செய்கிறார்கள். சிவப்பு மையால் தாளில் எழுதியதை எவரும் அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை.

தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, அனுப்பியவர் யாரென்றே தெரிவதில்லை. பொருள் வரி காலி, உள்ளே ஒரு வணக்கம்கூட இல்லை, அனுப்புநர் பெயர் 'சிங்கக்குட்டி'. இன்னொருவர் கட்டுரைக்குப் பதிலாக டிரைவ் இணைப்பு அனுப்பினார். அதைத் திறந்தால் அனுமதி கோரச் சொல்கிறது. கோரினேன். அனுமதி வருவதற்குள் மதிப்பெண் பட்டியலே போய்விட்டது. வேறொரு கட்டுரையைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக் குவியல், அதில் எங்கு பார்த்தாலும் அரைப்புள்ளி.

இப்போது வழக்கு இதுதான். கெடு வெள்ளி நள்ளிரவு. ஒரு மாணவனின் கட்டுரை சனி காலை ஆறு மணிக்குமேல் என் பெட்டிக்கு வந்திருக்கிறது. அவனோ, வெள்ளி இரவு 11:50க்கே அனுப்பிவிட்டதாகக் கைபேசி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிறான். எந்த நேரத்தை எடுப்பது? துறைத்தலைவர், "பேசாமல் தாளுக்கே திரும்புங்கள்" என்கிறார். எனக்கு விருப்பமில்லை. அவரிடம் எடுத்துச் சொல்ல உறுதியான ஏற்பாடு ஒன்று வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வாங்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். அந்தக் கூத்து ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

கோவை கணினி நிர்வாகி:

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள் அம்மா. கைபேசித் திரையில் தெரியும் நேரம் அவன் பொத்தானை அழுத்திய நேரமாக இருக்கலாம். கடிதம் கைபேசியைவிட்டுக் கிளம்பியதற்கு அது சாட்சி ஆகாது. 'வெளியனுப்பு' பெட்டியிலேயே இரவெல்லாம் தூங்கியிருக்கவும் கூடும்.

அந்தக் கடிதத்தைக் கணினியில் ஜிமெயிலில் திறந்து, வலப்பக்க மூன்று புள்ளிகளை அழுத்தி, அசலைக் காட்டச் சொல்லுங்கள். பயமுறுத்தும் எழுத்துகளாக ஒரு நீண்ட பக்கம் வரும். அதில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். கடிதம் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் தன் பங்குக்கு ஒரு வரியை மேலே ஒட்டிக்கொண்டே போகும். ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். 'டேட்' என்ற வரி அப்படிப்பட்டதல்ல. அது பொதுவாக அனுப்புபவரின் கருவியோ மென்பொருளோ எழுதுவது, அதன் கடிகாரம் தப்பாக இருந்தால் அதுவும் தப்பு. ஒரு எச்சரிக்கை: கூகுள் பெரும்பாலும் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தைப் போடும். வரியின் கடைசியில் -0700 என்றிருந்தால் பன்னிரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே காலை 11:20 என்றால் நமக்கு இரவு 11:50. இது புரியாமல் ஒரு பையனைப் பொய்யன் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

அரைப்புள்ளிக் கட்டுரை அநேகமாக டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். எழுத்துரு இல்லாத கணினியில் ஒவ்வொரு 'க்', 'ம்' பக்கத்திலும் அது பல்லிளிக்கும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மென்பொருளில் போட்டால், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடாக மாறிவிடும். 2010இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. டிடிபி கடைகளுக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. பிடிஎஃப் ஆக மட்டுமே அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துரு கோப்புக்குள்ளேயே வந்துவிடும்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்:

தொழில்நுட்பம் தம்பி சொன்னபடியே இருக்கட்டும். இதில் பாதி, அலுவலக நடைமுறைச் சங்கதி. அரசுக் கடிதத்தில் ந.க. எண், பொருள், பார்வை என்று வரிசையாக எழுதுவதைப் பலரும் கேலி செய்வார்கள். ஆனால் அந்த வரிகள் இருப்பதால்தான் முப்பது வருடம் கழித்தும் கோப்பைத் தேடி எடுக்க முடிகிறது. பொருள் வரியில் பதிவெண், தாள் குறியீடு, கட்டுரைத் தலைப்பு மூன்றும் இந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இல்லாத கடிதம் பதிவாகாது.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இல் 13ஆம் பிரிவு இதையேதான் பேசுகிறது. அனுப்புநரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினி ஒன்றுக்குள் கடிதம் நுழையும்போதுதான் அது அனுப்பப்பட்டதாக ஆகும். பெறுநர் இன்ன முகவரிக்கு அனுப்பு என்று குறித்துக் கொடுத்திருந்தால், அந்தப் பெட்டிக்குள் நுழைந்த நேரமே பெற்ற நேரம். குறித்த முகவரியை விட்டு உங்கள் வேறொரு முகவரிக்கு அனுப்பினால், நீங்கள் எடுத்துப் பார்க்கும் நேரம்தான் கணக்கு. இவையெல்லாம் இரு தரப்பும் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதபோதுதான். அகமதிப்பீட்டுக்காக யாரும் வழக்காடப்போவதில்லை; ஆனாலும் துறைத்தலைவரிடம் பிரிவு எண்ணோடு சொன்னால் எடுபடும், எனக்கு அந்த அனுபவம் உண்டு.

தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். 'கிடைத்தது' என்று தானாகப் பதில் போகும்படி அமைத்துவிடுங்கள். அந்தப் பதில் வராதவன் அனுப்பியவன் அல்லன் என்று முன்கூட்டியே அறிவித்தால் சண்டை மிச்சம். மதிப்பெண்ணை எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும்போது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி மறைநகலில் (பிசிசி) போடுங்கள். எங்கள் அலுவலகத்தில் விழா அழைப்பு ஒன்றுக்கு ஒருவர் 'அனைவருக்கும் பதில்' அழுத்தித் தன் மூல வியாதிக்கு விடுப்புக் கேட்டார். அதை மாவட்டமே படித்தது.

முதுகலை மாணவி, தூத்துக்குடி:

அம்மா, எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். என் வகுப்பில் பலருக்கு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கித் தந்தவர் பிரவுசிங் சென்டர் அண்ணன். கல்லூரி விண்ணப்பத்துக்கோ உதவித்தொகைக்கோ அவசரமாக அவரே ஒரு பெயரைப் போட்டிருப்பார். கடவுச்சொல் அவருடைய நோட்டில் இருக்கும். 'சிங்கக்குட்டி' அப்படி வந்தவராகவும் இருக்கலாம். மின்னஞ்சல் எழுதுவது எப்படி என்று எந்த வகுப்பிலும் எவரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. விடுப்புக் கடிதம் மட்டும் ஆறாம் வகுப்பிலிருந்து எழுதுகிறோம்.

நள்ளிரவுக் கெடுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் மடிக்கணினி இல்லை, கைபேசி மட்டும்தான். அதிலும் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி திட்டம். இரவு பதினொரு மணிக்கு அது தீர்ந்திருக்கும், புதியது பன்னிரண்டுக்கு மேல்தான் வரும். எழுதிய தாள்களைப் படமெடுத்து அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும். பலர் அப்படியே தூங்கிவிடுவார்கள்.

கோவை கணினி நிர்வாகி:

தங்கை சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான செய்தி. டேட்டா தீர்ந்தபின் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். பன்னிரண்டு எம்பி படக்கோப்பு, மின்னஞ்சலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துப் பதினாறு ஆகும். அந்த வேகத்தில் அது போய்ச்சேர அரை மணி நேரத்துக்குமேல் ஆகும், அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். 25 எம்பியைத் தாண்டினால் ஜிமெயில் தானாகவே டிரைவ் இணைப்பாக மாற்றிவிடும். உங்களிடம் அனுமதி கேட்ட இணைப்பும் இப்படிப் பிறந்ததாக இருக்கலாம். தாள்களை ஸ்கேனர் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் கோப்பு பல மடங்கு சிறுத்துவிடும்.

நெல்லைத் தமிழாசிரியை:

அசலைத் திறந்து பார்த்தேன். 'ரிசீவ்டு' வரிகள் எல்லாமே சனிக்கிழமை காலை 6:09ஐத்தான் காட்டுகின்றன. மாணவனைக் கேட்டேன், தூத்துக்குடித் தங்கை சொன்ன அதே கதை. பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கியிருக்கிறான், காலையில் கைபேசியைத் திறந்ததும் கடிதம் கிளம்பியிருக்கிறது. பொய் சொல்லவில்லை. மதிப்பெண் குறைக்கப்போவதில்லை.

அரைப்புள்ளிக் கட்டுரையை மாற்றிப் படித்தேன். வகுப்பில் இன்னொருவர் கையால் எழுதி அனுப்பியதோடு வரிக்கு வரி ஒன்றாக இருக்கிறது, எழுத்துப்பிழை உட்பட. அந்த விசாரணை தனி.

இனிக் கெடு வெள்ளி மாலை ஐந்து மணி. வியாழக்கிழமை ஒரு பாடவேளை கணினி ஆய்வகத்தில் எல்லோருக்கும் சொந்தப் பெயரில் முகவரி, பொருள் வரி, பிடிஎஃப். மறுத்தவர் இருவர், தாளில்தான் தருவோம் என்கிறார்கள். தரட்டும், பைண்டிங் மட்டும் கூடாது. துறைத்தலைவரிடம் 13ஆம் பிரிவைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. வரும் மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டுமாம், கல்லூரியைத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும்போது காட்டுவதற்கு.