வாட்ஜ் பேங்க், இழுவைமடி: டெல்லி யாரைக் கேட்கிறது?

மார்த்தாண்டம் ராஜன்:
"வெளியுறவில் டெல்லி நிபுணர்களைக் கேட்பதே இல்லை" என்று நேற்று இங்கே எழுதியதை நான் ஏற்கமாட்டேன். 1976 மார்ச் 23-ல் இந்திய, இலங்கை வெளியுறவுச் செயலர்கள் கேவல் சிங்கும் ஜெயசிங்கவும் மாற்றிக்கொண்ட கடிதத்தைப் பாருங்கள். குமரிக்குத் தெற்கே மீன் மிகுந்த கடல்பகுதியான வாட்ஜ் பேங்க் நமக்கு என்று உறுதியானது. இலங்கைப் படகுகள் 6 மட்டும், 3 வருஷம், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் அங்கே பிடிக்கலாம் என்று அன்று வைத்தார்கள். கடல் சட்டமும் மீன்வளமும் அறிந்தவர்கள் இல்லாமல் இப்படி எழுத முடியாது.

தூத்தூர்க் கரை:
அண்ணே, அதே கடிதத்துலதானே நம்ம ஆளுக இலங்கைக் கடல்ல பிடிக்கக்கூடாதுன்னும் வந்தது? பாக் நீரிணையில தலைமுறையா போய்வந்தவனைக் கேட்டிருந்தா அந்த வரி அப்படி வந்திருக்குமா? எங்க படகுல ஜிபிஎஸ்ஸைத் திறந்து பாருங்க. பார் (கடலடிப் பாறை) எங்க கெடக்கு, சூரை மீன் எந்த மாசம் எந்தப் பக்கம் ஏறும், எல்லாம் குறிச்சு வச்சிருக்கும். இந்தியப் பெருங்கடல் நடுவுல அமெரிக்கத் தளம் இருக்கற டியகோ கார்சியா தீவுப் பக்கம் பிடிபட்டு வந்தவனுக்கும் ஒரு அறிவு இருக்கு. அதையும் கணக்குல எடுங்க.

மார்த்தாண்டம் ராஜன்:
எடுத்தார்களே தம்பி. 2014-ல் சென்னையிலும் கொழும்பிலும் மீனவர்களையே எதிரெதிரே உட்கார வைத்தார்கள். கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியைக் கைவிட நம் தரப்பு 3 வருஷம் அவகாசம் கேட்டது, இலங்கைத் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. அனுபவம் பேசும்போது பிழைப்பும் சேர்ந்தே பேசும். வெளியிலிருந்து பார்க்கும் ஆய்வாளர் அதற்குத்தான் வேண்டும்.

தூத்தூர்க் கரை:
ஆய்வாளர் வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? அடிமட்டத்தை மடி வாரிட்டுப் போகுதுன்னு அவங்க சொன்னது சரி. அதை வச்சு 2017-ல 2,000 இழுவைப் படகை ஆழ்கடலுக்கு மாத்தத் திட்டம் போட்டாங்க. கொஞ்சந்தான் மாறுச்சு. ராமேஸ்வரத்துல ஒரு நாள்ல போய்க் கரை சேர்றவனை வாரக்கணக்குல கடல்ல நிக்கச் சொன்னா எப்படி நிப்பான்? படகுக்கு மானியம் கொடுத்தா ஆச்சா? மடிக்குப் பதிலா தூண்டில் பழக ஆளு, ஐஸ் கணக்கு, டீசல் கடன் எல்லாம் இருக்கு. தூத்தூர்க்காரங்க நாங்க அந்த ஆழ்கடல் தொழில்லயே வளர்ந்தவங்க.

குளச்சல் டீச்சர்:
ராஜன் சார், உங்களுக்கு ஒரு கேள்வி. முடிவை அமைச்சர்தான் எடுக்கணும், சரி. ஆனா யாரைக் கேட்டாங்க, எதை ஏன் தள்ளினாங்கன்னு எழுதி வெளியிட என்ன தடை?

மார்த்தாண்டம் ராஜன்:
பேச்சுவார்த்தை நடக்கும்போது வெளியிட்டால் எதிர்த்தரப்புக்கு நம் கை தெரிந்துவிடும். முடிந்தபின் வெளியிடலாம், அதில் எனக்கு மறுப்பில்லை.

தூத்தூர்க் கரை:
1976 முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு அண்ணே? அதுலேருந்தே தொடங்கட்டும்.