கனடியக் கடவுச்சீட்டு காலாவதி: இலங்கைக் கடவுச்சீட்டில் ரொறன்ரோ திரும்பலாமா?

கேள்வி:
எனக்கு இலங்கை, கனடா ஆகிய இரு நாடுகளின் பிரஜாவுரிமையும் உண்டு. தாயாரின் சுகவீனத்தால் எட்டு மாதங்களாக யாழ்ப்பாணத்தில் தங்கியிருக்கிறேன். என் கனடியக் கடவுச்சீட்டு சென்ற மாதமே காலாவதியாகிவிட்டதை நேற்றுத்தான் கவனித்தேன். இலங்கைக் கடவுச்சீட்டு இன்னும் நான்கு வருடங்களுக்குச் செல்லுபடியாகும். கனடியப் பிரஜாவுரிமைச் சான்றிதழும் கையில் இருக்கிறது. மூன்று வாரங்களில் டோகா வழியாக ரொறன்ரோ திரும்பப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். சொந்த நாட்டுக்குத் திரும்பும் பிரஜையை யாரும் தடுக்க முடியாது என்கிறார் உறவினர் ஒருவர். அதை நம்பிக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகலாமா?

பதில் 1:
தயவுசெய்து போக வேண்டாம். பிரஜை ஒருவருக்குக் கனடாவுக்குள் நுழையும் உரிமை உண்டு என்று அந்நாட்டு உரிமைகள் சாசனத்தின் 6ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அந்த உரிமையைக் கனடிய எல்லை அதிகாரியிடம்தான் கோர முடியும், அவரிடம் போய்ச் சேருவதற்கு முன்பே விமான நிறுவனம் உங்களை நிறுத்திவிடும். இரட்டைப் பிரஜைகள் கனடாவுக்கு விமானம் ஏறச் செல்லுபடியாகும் கனடியக் கடவுச்சீட்டு வேண்டும் என்ற விதி 2016 நவம்பர் 10 முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ள கனடியர்களுக்கு மட்டுமே விலக்கு. இணையத்தில் ஒரு விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், முயன்று பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்ன விசேட அனுமதி இவருக்குப் பொருந்தாது. பயணத்துக்குப் பத்து நாட்களுக்கும் குறைவாக இருக்கும்போது கேட்கக்கூடிய அந்த அனுமதி, கனடாவுக்கு விசா தேவைப்படாத நாட்டின் கடவுச்சீட்டை வைத்திருப்பவர்களுக்கே கிடைக்கும்; இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டில் வருகையாளர் விசா எடுக்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்லக்கூடும், அதுவும் நடக்காது, ஏனெனில் கனடா தன் சொந்தப் பிரஜைக்கு விசா வழங்குவதில்லை. அமெரிக்காவுக்குப் பறந்து தரை வழியாக எல்லையைக் கடக்கலாம் என்றால், இலங்கைக் கடவுச்சீட்டில் அமெரிக்க விசா வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் இலங்கையில் இருந்தபடியே என்னதான் செய்வது? பயணத்தைத் தள்ளிப்போட்டால் வேலை போய்விடும் என்று உண்மையாகவே அஞ்சுகிறேன்.

பதில் 3:
நாளைக்கே கொழும்பிலுள்ள கனடிய உயர்ஸ்தானிகராலயத்தின் தூதரகச் சேவைப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். புதிய கடவுச்சீட்டுக்கான விண்ணப்பத்தை அங்கேயே கொடுக்கலாம்; ஆனால் அது கனடாவில் அச்சிடப்பட்டு வர வேண்டும் என்பதால் மூன்று வாரங்களுக்குள் கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பயணத் திகதியைக் காட்டித் தற்காலிகக் கடவுச்சீட்டு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால், ஒரே பயணத்துக்கு மட்டும் கொடுக்கப்படும் அவசரப் பயண ஆவணம் இருக்கிறது. காலாவதியான கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், பயணச்சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். பழையதுதானே என்று அந்தக் கடவுச்சீட்டை வீட்டில் விட்டுவிட வேண்டாம், உங்கள் அடையாளத்துக்கு இப்போது அதுதான் பெரிய துணை.

எந்த ஆவணம் கிடைத்தாலும் டோகாவில் விமானம் மாற அது ஏற்கப்படுமா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் நாட்டுக்குள் வந்திருந்தால் கட்டுநாயக்காக் குடியகல்வுப் பகுதியில் அதையே காட்ட வேண்டும். கனடிய ஆவணத்தை விமான நிறுவனத்தின் முகப்பில் காட்டுங்கள். இரண்டையும் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காலையில் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, சந்திப்புக்கு நேரம் கிடைக்கும் நாளிலேயே புறப்படுகிறேன்.