கட்டாத நகரத்தை வரைந்து என்ன பயன்?

குறுக்குத்துறையான்:
1961இல் லண்டனில் சில இளம் கட்டடக் கலைஞர்கள் 'ஆர்க்கிகிராம்' என்ற இதழைத் தொடங்கினார்கள். 1964இல் அந்தக் குழுவின் ரான் ஹெரன் கால் முளைத்து நடக்கும் நகரத்தை வரைந்தார். பீட்டர் குக் வரைந்ததோ, கிரேனால் வீடுகளை மாட்டிக் கழற்றும் நகரம். நம் மாணவர்களும் இப்படி இதழ் போட்டு, பாளையங்கோட்டையில் கண்காட்சி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சிந்துபூந்துறை வாசி:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டையைக்கூடப் பரணில் ஏற்ற முடியவில்லை. அந்தச் சேற்றுக்கோடு சுவரில் இன்னும் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது ஓடையும் வடிகாலும். உங்கள் லண்டன்காரர்கள் மொனாக்கோவில் போட்டியில் ஜெயித்த கட்டடம்கூட எழும்பவே இல்லையே!

குறுக்குத்துறையான்:
அது எழும்பவில்லை, சரி. ஆனால் 1977இல் பாரிஸில் திறந்த பொம்பிடு கலை மையத்தைப் பாருங்கள் அண்ணாச்சி. குழாய்களும் நகரும் படிக்கட்டும் கட்டடத்துக்கு வெளியே. ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ராஜர்ஸ் என்ற கட்டடக் கலைஞர்கள் கட்டியதில் அந்தப் படங்களின் சாயல் அப்படியே தெரியும். காகிதத்தில் பழகிய கண்தான் அதைக் கட்டத் துணிந்தது.

சிந்துபூந்துறை வாசி:
பாரிஸில் பணம் இருந்தது.

பாளை அக்கா:
பணத்தை விடுங்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள், தண்ணீர் கோயிலை மூழ்கடித்துவிட்டு வடியும். ஆற்றோடு மல்லுக்கட்டாமல் வழிவிட்டு நிற்கும் கட்டடம் அது. அந்த யோசனையை ஒரு தெருவுக்கு, ஒரு பேருந்து நிலையத்துக்கு விரித்து வரைந்தால் என்ன? ஆனால் தம்பி, குளிரூட்டிய அரங்கில் ஆங்கிலத்தில் மாட்டி வைக்காதீர்கள். நெல்லை ஜங்ஷனில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, தமிழில் வையுங்கள். அந்த ஆர்க்கிகிராம் இதழில்கூட ஒரு வெளியீடு காமிக்ஸ் பாணியில் வந்ததுதான்.

குறுக்குத்துறையான்:
அக்கா சொல்வது சரி. அரங்கம் வேண்டாம், ஜங்ஷனே போதும்.

சிந்துபூந்துறை வாசி:
கோயிலுக்கு மேலக்கோயில் இருக்கிறது. எனக்கு எங்கே இருக்கிறது? வடிகால்தான் முதலில் என்பதில் எனக்கு மாற்றமில்லை. வரைவதென்றால் வீட்டுக்கு வாருங்கள், டேப்பும் கொண்டுவாருங்கள். கோடு தரையிலிருந்து மூன்றரை அடி. அதைக் காட்டாத படத்தைப் பார்க்க நான் ஜங்ஷனுக்கு வரமாட்டேன்.