எண்டர்பிரைஸ் மாதிரி: சிவப்பு விளக்கை இணைத்ததும் வெள்ளை விளக்குகள் எல்லாம் அணைந்துவிடுகின்றன

செங்கோட்டை வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் நானும் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கலத்தின் 1/350 அளவிலான பிளாஸ்டிக் கிட் ஒன்றை மூன்று மாதங்களாகக் கட்டி வருகிறோம். முழுமையானால் அது 80 செ.மீ.க்குச் சற்று மேல் நீளம் இருக்கும். கலத்தின் முன்பகுதியான வட்டத் தட்டை ஒட்டி மூடும் கட்டத்துக்கு வந்துவிட்டோம், ஆனால் விளக்குகளில் ஒரு கோளாறு இருப்பதால் மூட மனம் வரவில்லை. ஒட்டிய பிறகு பிரித்தால் ஜன்னல் விளிம்புகள் உடைந்துவிடும்.

தட்டுக்குள் 3 மி.மீ. வெள்ளை எல்இடிகள் ஆறினைப் பக்க இணைப்பில் வைத்திருக்கிறேன். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து வரும் கம்பியில் 470 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று இருக்கிறது. ஆறு விளக்குகளுக்கும் அது ஒன்றுதான். ஆறும் எரிந்தன, ஆனால் மங்கலாகவும், ஒன்றுக்கொன்று சற்று வித்தியாசமாகவும் எரிந்தன. தட்டின் இடது விளிம்பில் சிவப்பும் வலது விளிம்பில் பச்சையும் வர வேண்டும் என்பதால், அந்த இரண்டு எல்இடிகளையும் அதே இரண்டு கம்பிகளில் சேர்த்தேன். உடனே சிவப்பு மட்டும் பளிச்சென்று எரிந்தது. வெள்ளை ஆறும் பச்சையும் முற்றிலும் அணைந்துவிட்டன. வெள்ளை விளக்குகளை எரித்துவிட்டேனோ என்று அஞ்சி அடாப்டரைக் கழற்றிவிட்டேன்.

இன்னொரு குறையும் உண்டு. வெள்ளை விளக்குகள் எரிந்தபோது ஜன்னல்கள் மட்டுமல்லாமல் தட்டு முழுவதுமே காகிதக் கூண்டுக்குள் வைத்த விளக்கைப் போல ஒளிர்ந்தது. உட்புறம் வெள்ளை பிரைமர் ஒரு பூச்சு அடித்து, அதன் மேல் ஒருபுறம் ஒட்டும் அலுமினிய நாடாவையும் சில இடங்களில் ஒட்டியிருக்கிறேன். வழி தெரிந்தவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொழிஞ்சாம்பாறை மின்பணியாளர்:

ஐயா, எதையும் பிடுங்கிவிடாதீர்கள். உங்கள் வெள்ளை எல்இடிகள் பழுதாகவில்லை என்றே நம்புகிறேன். மல்டிமீட்டர் இருந்தால் மூன்று அளவுகளைப் பார்த்துச் சொல்லுங்கள். முதலில் அடாப்டர் தரும் மின்னழுத்தம். அடுத்து, சிவப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை மட்டும் எரியும்போது அவற்றின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம். கடைசியாக, சிவப்பையும் சேர்த்த பிறகு அதே இடத்தில் உள்ள மின்னழுத்தம். அடாப்டர் பழைய டிரான்ஸ்பார்மர் வகையா, எடை குறைந்த புதிய வகையா என்பதையும் சொல்லுங்கள். பழைய வகை, மேலே 12 என்று அச்சிட்டிருந்தாலும் சுமை குறைவாக இருக்கும்போது 15 அல்லது 16 வோல்ட் தரக்கூடும்.

செங்கோட்டை வாசி:

அண்ணாச்சி, பார்த்தேன். அடாப்டர் எடை குறைந்த புதிய வகை, 12.1 வோல்ட் காட்டுகிறது. சிவப்பைக் கழற்றியதும் வெள்ளை ஆறும் மீண்டும் எரிந்தன, அப்போது 2.8 வோல்ட் இருந்தது. சிவப்பைச் சேர்த்தவுடன் அது 2.0 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. அளவுகளை என் மகள்தான் எடுத்து நோட்டில் எழுதி வைத்தாள்.

கொழிஞ்சாம்பாறை மின்பணியாளர்:

மகள் எடுத்த அந்த 2.0 என்ற ஓர் எண்ணிலேயே முழுக் காரணமும் இருக்கிறது. எல்இடி சாதாரண இழை பல்பைப் போன்றதன்று. ஒவ்வொரு நிற எல்இடிக்கும் அது எரியத் தொடங்குவதற்கு என்று ஒரு மின்னழுத்தம் உண்டு. அதை எட்டும்வரை மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை, எட்டியதும் மின்னோட்டம் மளமளவென்று ஏறும், மின்னழுத்தமோ சிறிதளவே உயரும். சிவப்புக்கு அது ஏறத்தாழ 2 வோல்ட். வெள்ளைக்கும் பளிச்சென்ற பச்சைக்கும் ஏறத்தாழ 3 வோல்ட். பக்க இணைப்பில் எல்லாவற்றின் முனைகளிலும் ஒரே மின்னழுத்தம்தான் இருக்க முடியும் என்பதால், சிவப்பு 2 வோல்ட்டிலேயே மின்னோட்டம் முழுவதையும் தன் வழியே இழுத்துக்கொண்டு, அந்த இரு கம்பிகளுக்கிடையே அதற்கு மேல் ஏற விடாமல் செய்துவிடுகிறது. 2 வோல்ட்டில் வெள்ளையும் பச்சையும் எரிவதற்கு வழியே இல்லை.

கணக்கையும் பார்ப்போம். சிவப்பு சேர்ந்திருந்தபோது ரெசிஸ்டரில் விழுந்தது 12.1இல் 2.0 போக 10.1 வோல்ட். அதை 470ஆல் வகுத்தால் 21 மில்லி ஆம்பியருக்கு மேல் வருகிறது. அது முழுவதும் ஒற்றைச் சிவப்பின் வழியாகவே போயிருக்கிறது. இந்த வகை எல்இடிகளுக்குப் பொதுவான உச்ச வரம்பு 20 மில்லி ஆம்பியர்தான், ஆகவே அதை நீண்ட நேரம் அப்படி விடாதது நல்லதாயிற்று. சிவப்பு இல்லாதபோது ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியரை ஆறு விளக்குகள் பங்கிட்டுக்கொண்டன, ஒன்றுக்கு 3 சொச்சம்தான் கிடைத்தது. மங்கலுக்குக் காரணம் அது. ஒரே பெட்டியில் வாங்கிய எல்இடிகளுக்குள்ளும் மின்னழுத்தம் நூலளவு மாறும், அதனால் ஒன்று கூடவும் ஒன்று குறையவும் எரிந்தன. பல எல்இடிகளைப் பக்க இணைப்பில் வைத்து ஒற்றை ரெசிஸ்டரைப் பொதுவாகக் கொடுக்கும் முறையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வெள்ளை ஆறையும் மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றையும் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக, போடுங்கள். மூன்றுக்கும் 9 வோல்ட் போக மிச்சம் 3 வோல்ட் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக ஒரு 330 ஓம் வைத்தால் ஏறத்தாழ 9 மில்லி ஆம்பியர் ஓடும். சிவப்புக்குத் தனியாக 1000 ஓம், பச்சைக்குத் தனியாக 1000 ஓம் வையுங்கள். கால் வாட் ரெசிஸ்டர்களே தாராளமாகப் போதும், ஏனென்றால் 1000 ஓம் ரெசிஸ்டரில்கூட ஏறத்தாழ 0.1 வாட்தான் வெப்பமாகும். இந்த நான்கு கிளைகளையும் 12 வோல்ட்டில் பக்க இணைப்பில் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் சொந்த ரெசிஸ்டர் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் பங்கைப் பறிக்காது.

குப்பம் மாதிரிக்காரர்:

மின்சாரப் பகுதியை ஐயா தெளிவாக எழுதிவிட்டார். ஒளிக் கசிவைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் புதிய இணைப்பில் ஒவ்வொரு விளக்குக்கும் மும்மடங்கு மின்னோட்டம் கிடைக்கும்போது கசிவும் அதற்கேற்பக் கூடித் தெரியும்.

வெள்ளைப் பூச்சு ஒளியைத் தடுப்பதில்லை; ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு மீதியைத் தன் ஊடே வெளியே விடுகிறது. ஒளியைத் தடுக்க வேண்டியது கருப்பு. உட்புறம் முழுவதும் முதலில் மங்கல் கருப்பு இரண்டு பூச்சு, அது நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் வெள்ளை. கருப்பு ஒளியை வெளியே விடாது. வெள்ளை உள்ளே ஒளியைச் சிதறடித்து எல்லா ஜன்னல்களுக்கும் சமமாகப் பரப்பும். மேல் தட்டும் கீழ்த் தட்டும் சேரும் விளிம்பில் உட்புறமாக ஒரு மெல்லிய கருப்புப் பிளாஸ்டிக் பட்டையை ஒட்டிவிட்டால் அந்தக் கோட்டின் வழியே ஒளி எட்டிப்பார்க்காது. இருட்டறையில் ஒரு சிறிய டார்ச்சை உள்ளே வைத்து, இரு பாதிகளையும் கையால் பொருத்திப் பார்த்த பிறகே ஒட்டுங்கள்.

அந்த அலுமினிய நாடா எனக்குக் கவலை தருகிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். எல்இடியின் இரு கால்களும் அதில் பட்டால் ஷார்ட் ஆகும்; கலத்தை மூடிய பிறகு அப்படி நேர்ந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. அதை எடுத்துவிடுங்கள், அல்லது ஒவ்வொரு காலுக்கும் சூட்டில் சுருங்கும் உறை போடுங்கள்.

தெளிவான ஜன்னல் துண்டுகளை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி அருகிலுள்ள தெளிந்த பிளாஸ்டிக்கில் வெண்படலமாகப் படியும், அதிலும் மூடிய கூட்டுக்குள் இன்னும் மோசமாகப் படியும். மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையே போதும், காய்ந்தால் தெளிந்துவிடும். மிகச் சிறிய ஜன்னல்களை அந்தப் பசைத் துளியைக் கொண்டே நிரப்பிவிடலாம்.

செங்கோட்டை வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. பின்புறம் உள்ள இரண்டு நீண்ட இயந்திரக் குழல்களைத் தாங்கும் கைகள் மிகவும் மெல்லியவை; சாதாரணக் கம்பி இரண்டு போனாலே அடைத்துக்கொள்கிறது. அடுத்து, இங்கே இது சாரல் காலம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக் காற்றில் காலையில் அடித்த ஸ்பிரே பிரைமர் சில இடங்களில் பால் போல வெளுத்துவிட்டது.

கொழிஞ்சாம்பாறை மின்பணியாளர்:

கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போங்கள். எனாமல் பூசிய 34 கேஜ் செப்புக் கம்பி ஏறத்தாழ 0.23 மி.மீ. தடிமன்தான், அந்தக் கையில் ஆறு கம்பிகள்கூடப் போகும், உங்களுக்கு வேண்டிய சில பத்து மில்லி ஆம்பியருக்கு அது தாராளம். ஈயப்பற்று வைக்கும் முன் முனையில் உள்ள எனாமலைப் பிளேடால் நன்றாகச் சுரண்ட வேண்டும். சுரண்டாமல் பற்ற வைத்தால் பார்வைக்கு ஒட்டியது போலவே இருக்கும், மின்சாரம் போகாது. எல்லா விளக்குகளுக்கும் எதிர்முனையைப் பொதுவாக வைத்தால் கம்பிகளின் எண்ணிக்கையும் குறையும்.

இதில் சோர்ந்துவிட வேண்டாம். 1960களின் தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்யப்பட்ட 3.4 மீட்டர் நீள அசல் மாதிரியிலேயே கம்பிகளை மறைக்க இடம் கிடைக்காமல் இடப்பக்கமாக உள்ளே விட்டார்கள். அந்தப் பக்கத்தை முழுமையாக்காமல் வலப்பக்கத்தையே படம்பிடித்தார்கள். அது இப்போது அமெரிக்காவின் தேசிய வான்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் மாதிரியை நாற்புறமும் பார்க்கப்போகிறார்கள் என்பதால் கம்பிகளை, மாதிரியை நிறுத்தும் தாங்கியின் குழாய் வழியாக அடிப்பகுதிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

குப்பம் மாதிரிக்காரர்:

வெளுப்பைப் பற்றி ஒரு சொல். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சின் மேல் படிந்துவிடுகிறது. சாரல் நின்று வெயில் எட்டிப்பார்க்கும் நண்பகலில் மெல்லிய பூச்சாக அடியுங்கள். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்துக்கொள்ளலாம். அடுப்பருகே ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். வெளுத்த இடத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபூச்சு கொடுத்தால் போதும்.

செங்கோட்டை வாசி:

சொன்னபடியே செய்துவிட்டோம். வெள்ளை வரிசைகள் இரண்டிலும் 330 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே ஒன்றில் 3.0, மற்றொன்றில் 3.2 வோல்ட் காட்டுகிறது. அதிலிருந்து மின்னோட்டம் 9 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் என்று மகளே கணக்கிட்டாள். சிவப்பும் பச்சையும் வெள்ளையோடு சேர்ந்தே எரிகின்றன, ஆறு வெள்ளையும் ஒரே அளவாக இருக்கின்றன. நாடாவை முழுவதும் உரித்துவிட்டு, நேற்று மூன்று மணி நேரம் வெயில் கிடைத்தபோது கருப்பு இரண்டு பூச்சும் அடித்தாயிற்று. இருட்டில் வைத்துப் பார்த்ததில் மேல் தட்டின் பின்விளிம்பில் மட்டும் ஒரு நூல் கசிவு தெரிகிறது. அங்கே பட்டை ஒட்டப் போகிறோம். அதன் பிறகு விளக்குகளை ஓர் இரவு முழுவதும் எரியவிட்டு, காலையில் எட்டும் எரிந்துகொண்டிருந்தால் மட்டுமே தட்டை மூடுவதாக இருக்கிறோம்.