கெரிசன் பஞ்ச் வெட்டாமல் இழுக்கிறது: சாணை பிடிப்பதா, ஒதுக்கிவிடுவதா?

கேள்வி: மருதாணி

வணக்கம். எலும்பு மூட்டு அறுவை தியேட்டரில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, கடந்த ஆறு மாதங்களாக முதுகுத்தண்டு அறுவைக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் செவிலியர் நான். முழங்கால் மாற்று அறுவையில் எலும்பை வெட்டும் ஆஸ்டியோடோம், கடித்தெடுக்கும் போன் நிப்ளர், சுரண்டும் கியூரெட் எல்லாம் கைக்குப் பழகியவைதான். ஆனால் முதுகுத்தண்டுக்கு வந்தபின், ஒரே கருவியின் கூர்மை ஒரு நோயாளியின் காலின் செயலையே தீர்மானிக்கக்கூடும் என்பதை ஒவ்வொரு நாளும் அச்சத்தோடு உணர்கிறேன்.

சென்ற மாதம் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவருக்குத் தண்டுவடக் குழல் ஒடுங்கியதற்காக, முதுகெலும்பின் பின்புறத் தகடான லாமினாவை அகற்றும் லாமினெக்டமி நடந்தது. எலும்பைச் சிறிது சிறிதாகக் கடித்தெடுக்கும் கெரிசன் பஞ்சில் 3 மில்லிமீட்டரைக் கொடுத்தேன். மருத்துவர் இரண்டு முறை கடித்துவிட்டு, "இது வெட்டவில்லை, இழுக்கிறது" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அடுத்து 4 மில்லிமீட்டரைக் கொடுத்தேன். அதுவும் அப்படியே இருந்தது. மூன்றாவதாகக் கடித்தபோது, லாமினாக்களை இணைக்கும் மஞ்சள் தசைநாரின் ஓர் இழை அறுபடாமல் கருவியோடு வந்தது. அந்த இழை ஒட்டியிருந்த இடத்தில், நரம்புகளைச் சூழ்ந்த உறையான டியூராவும் சிறிது கிழிந்து நீர் கசிந்தது. மருத்துவர் உடனே தைத்து மூடினார், பெரியவரும் நலமாக வீடு திரும்பினார். ஆனாலும் அந்தக் கருவியை மேசையில் வைத்தவள் நான் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

நிர்வாகத்திடம் புதிய கருவி கேட்டேன். சாணை பிடிக்கக் கொடுத்தால் போதும் என்கிறார்கள். ஒரு கெரிசன் மழுங்கிவிட்டது என்பதை மேசைக்கு வருமுன்பே அறிவது எப்படி? எத்தனை முறை சாணை பிடிக்கலாம்? கருவியின் மேல் தண்டுக்கும் கீழ்த் தண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ரத்தம் உறைந்து நிற்பதைச் சிலமுறை கண்டிருக்கிறேன். மழுங்குவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: தண்டுவட அறுவை மருத்துவர்

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழிசலுக்கான பொறுப்பை நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை. "இழுக்கிறது" என்று முதல் கடியிலேயே உணர்ந்த பிறகு மழுங்கிய கருவியோடு மேலும் தொடர்வதா வேண்டாமா என்பது அறுவை செய்பவரின் முடிவு. நானும் பயிற்சிக் காலத்தில் இதே தவறைச் செய்திருக்கிறேன்.

கெரிசன் வேலை செய்யும் முறையை நினைத்துப் பாருங்கள். கீழ்த் தண்டின் முனையில் நிற்கும் மெல்லிய அடித்தகடு லாமினாவுக்கு அடியில், அதாவது எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவே நுழைகிறது. கைப்பிடியை அழுத்தும்போது மேல் தண்டு சறுக்கி வந்து, தன் கூர்முனையால் எலும்பை அந்த அடித்தகட்டின்மீது வைத்து வெட்டுகிறது. அடித்தகடு அசையாமல் நின்று, மேலிருக்கும் விளிம்பு முழுவதுமாக அதன்மேல் வந்து அமர்ந்தால்தான் துண்டு தனியாகக் கழன்று வரும். விளிம்பு மழுங்கியிருந்தால் எலும்பு எப்படியோ நொறுங்கிவிடும். மஞ்சள் தசைநார் அப்படியன்று, அது நார்நாராகப் பிரிந்து, வெட்டுப்படாத இழைகளோடு தாடைக்குள் சிக்கிக்கொள்ளும். கை தன்னையறியாமல் கருவியைத் திருகும், அல்லது மேலே இழுக்கும். டியூரா கிழிவது கருவி கடித்த நொடியில் அல்ல, பெரும்பாலும் அந்த இழுப்பில்தான். வயதானவர்களுக்கு டியூரா மெலிந்து தசைநாரோடு ஒட்டியிருக்கும். முன்பே ஒருமுறை அறுவை நடந்த இடத்தில் தழும்பும் சேர்ந்துகொள்ளும். அந்த இரண்டு நிலைகளிலும் கூர்மை குறைந்த கெரிசனுக்கு இடமே இல்லை.

அதனால் நான் எனக்கென்று வைத்திருக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். தடித்த லாமினாவைக் கெரிசனால் கடித்துக் கடித்து மெலிதாக்க முயல்வதில்லை. முதலில் லெக்செல் நிப்ளராலோ டிரில்லாலோ எலும்பை மெலிதாக்குகிறேன். ஸ்வீடன் நாட்டு நரம்பறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செலின் பெயர் தாங்கிய அந்த நிப்ளரில் இரட்டை மூட்டு இருப்பதால், சிறிய கைவிசை முனையில் பெருகிக் கிடைக்கிறது. மெலிந்த விளிம்புதான் கெரிசனுக்குரியது. ஒவ்வொரு கடிக்கும் முன் நான்காம் எண் பென்ஃபீல்டு என்னும் திசு விலக்கும் கருவியால் டியூராவை மெல்ல விலக்கி, ஒட்டுதல் ஏதுமில்லை என்று உறுதி செய்துகொள்கிறேன். அடித்தகட்டை எலும்பின் அடிப்பரப்போடு ஒட்டி மேல்நோக்கி லேசாக அழுத்திப் பிடித்த பிறகே கைப்பிடியை மூடுகிறேன். துண்டு கழன்று வரவில்லை என்றால் இழுப்பதில்லை. தாடையைத் திறந்து, விடுவித்து, சிறிய கடியாக எடுக்கிறேன்.

இந்தப் பென்ஃபீல்டைக் குறிப்பிடும்போதெல்லாம் எனக்கு வேலூர் நினைவுக்கு வரும். இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையை 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, அந்தக் கருவிக்குப் பெயர் தந்த நரம்பறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் மாண்ட்ரியாலில் பயின்றவர். நம் மேசையில் நாள்தோறும் கிடக்கும் ஒரு சிறு கருவிக்கும் நம் ஊருக்கும் இப்படியொரு உறவு இருப்பதை இளைய செவிலியர்களிடம் நான் சொல்வதுண்டு.

அளவைப் பற்றியும் ஒரு சொல். சிறிய கெரிசன் என்றால் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். 1 அல்லது 2 மில்லிமீட்டர் கெரிசனைத் தடித்த எலும்பில் திணித்தால் அடித்தகடு வளையும், விரிசல் விடும். 4, 5 மில்லிமீட்டரை ஒடுங்கிய குழலுக்குள் நுழைத்தால் அந்தத் தகடே நரம்பை நசுக்கும். ஆகவே எந்த நேரத்தில் எந்த அளவைக் கேட்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்களிடம் கேட்கும் அளவு மழுங்கியதால் இல்லை என்றால், அதற்கு அடுத்த அளவை மௌனமாகக் கொடுத்துவிடாமல், "இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 2: கிருமி நீக்கப் பிரிவுப் பொறுப்பாளர்

பள்ளத்தில் ரத்தம் உறைவதற்கும் மழுங்குவதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடித் தொடர்பு உண்டு. பள்ளத்தில் காய்ந்த ரத்தமும் எலும்புத்தூளும் மேல் தண்டைச் சற்றே தூக்கிவிடும். தூக்கப்பட்ட விளிம்பு அடித்தகட்டின்மேல் சரியாக அமராது. கூர்மை குறையாத கருவியே மழுங்கியது போல நடந்துகொள்ளும். ஆகவே சாணைக்கு அனுப்புமுன் ஒருமுறை முழுமையாகத் துப்புரவு செய்து பாருங்கள்.

துப்புரவு உங்கள் மேசையிலேயே தொடங்குகிறது. அறுவையின்போது ஒவ்வொரு கடிக்கும் பின் தாடையை ஈரத் துணியால் துடைப்பீர்கள். அந்தத் துணியை உப்புக் கரைசலில் நனைக்காமல் கிருமி நீக்கிய தண்ணீரில் நனையுங்கள். சலைனில் உள்ள குளோரைடு, துருப்பிடிக்காத எஃகின் மேற்படலத்தைத் துளைத்து ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். அறுவை முடிந்ததும் கருவிகளைச் சலைன் கிண்ணத்தில் ஊறவைக்கும் பழக்கத்தை நான் பல தியேட்டர்களில் கண்டு, கெஞ்சிக் கேட்டு நிறுத்தியிருக்கிறேன்.

எங்களிடம் வரும்வரை கருவி காயக்கூடாது. ஈரத்துணி மூடி அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். முதலில் குளிர்ந்த நீரில் அலசுகிறோம், ஏனென்றால் சுடுநீர் ரத்தத்தின் புரதத்தை உறைய வைத்து உலோகத்தோடு ஒட்டிவிடும். பிறகு என்சைம் கரைசல், மெல்லிய தூரிகை, அல்ட்ராசோனிக் தொட்டி, இறுதியாகத் தாது நீக்கிய நீர். கழற்றக்கூடிய வகை என்றால் மேல் தண்டைக் கழற்றியே கழுவ வேண்டும். கழற்ற முடியாத பழைய வகை என்றால் தாடையைத் திறந்த நிலையில் வைத்து, பள்ளத்துக்குள் தூரிகையையும் நீர்ப்பாய்ச்சலையும் செலுத்த வேண்டும். கழற்றிய இரண்டு கெரிசன்களின் மேல் தண்டுகளைத் தயவுசெய்து மாற்றிப் பூட்டாதீர்கள். ஒரே அளவு என்றாலும் அவை இணைகளாகப் பொருத்தித் தேய்க்கப்பட்டவை.

மூட்டுகளுக்கும் சறுக்குப் பள்ளத்துக்கும் இடும் எண்ணெய், நீரில் கரையும் மருத்துவக் கருவி எண்ணெயாக மட்டுமே இருக்கட்டும். சாதாரண மெஷின் எண்ணெயோ பாரஃபினோ போட்டால், அந்தப் படலத்தைத் தாண்டி நீராவி உலோகத்தைத் தொடாது. 134 டிகிரியில் ஆட்டோகிளேவ் ஓடினாலும் அந்த இடம் கிருமி நீங்கியதாக நாம் நம்ப முடியாது. உடலின் தூய திசுவைத் தொடும் கருவி என்பதால், மருத்துவக் கருவிகளை வகைப்படுத்த 1968இல் ஸ்பால்டிங் வகுத்த முறைப்படி இது முதல் நிலைக் கருவி, அதாவது கிருமி முழுவதும் நீங்கியாக வேண்டியது. இதில் சமாதானம் கிடையாது.

கருமையான புள்ளி தெரிந்தால் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பாருங்கள். அழிந்து கீழே வழவழப்பாக இருந்தால் அது கறை. கீழே குழி தெரிந்தால் அது அரிப்பு. அந்தக் கருவியை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைக்கவே கூடாது.

மறுமொழி 3: கருவி பழுதுபார்ப்பவர்

மூன்று தலைமுறையாகச் சாணை பிடிக்கும் குடும்பம் எங்களுடையது. தகப்பனார் காலத்தில் கத்தரிக்கோலும் அரிவாளும், என் காலத்தில் மருத்துவக் கருவிகளும். என் வருமானத்துக்கு எதிரான செய்திதான், ஆனாலும் சொல்கிறேன்: கெரிசனை எத்தனை முறை வேண்டுமானாலும் சாணை பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் அம்மா.

வெட்டும் கருவிகளுக்குப் பயன்படும் எஃகு, சூடேற்றிக் குளிர்வித்துப் பதம் ஏற்றப்பட்டது. பெரும்பாலும் 420 வகை. சாணைக்கல்லில் அவசரமாகப் பிடித்தால் முனை சூடேறி, நீலம் பாரித்து, பதம் இறங்கிவிடும். கடையிலிருந்து வந்த நாளில் பளிச்சென்று கடிக்கும், பத்து அறுவைக்குள் மீண்டும் மழுங்கும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு சாணையிலும் உலோகம் குறைகிறது என்பது. அடித்தகடு ஏற்கெனவே மெலிது. அதைத் தேய்த்தால் ஒடியும். மேல் விளிம்பை மட்டும் தேய்த்தால் அது அடித்தகட்டை எட்டாமல் இடைவெளி விழும். அதை ஈடுகட்டக் கைப்பிடியின் நிறுத்தத்தையும் சரிசெய்ய வேண்டும். ஒன்றிரண்டு முறை முறையாகச் செய்யலாம். அதற்குமேல் கேட்டால் நான் மறுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

மேசைக்கு வருமுன் அறியும் வழி எளிது. கிருமி நீக்குமுன், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கைப்பிடியை முழுவதும் மூடுங்கள். விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே ஒளி தெரியக்கூடாது. பிறகு முகவரி அட்டை போன்ற கெட்டியான தாள் ஒன்றைக் கடிக்க விடுங்கள். துண்டு அறுந்து விழவேண்டும். ஒரு பக்கம் நூல்போல ஒட்டிக்கொண்டு, இழுத்தால்தான் வருகிறது என்றால், அந்தக் கருவி மறுநாள் தசைநாரிலும் அதையே செய்யும். பூதக்கண்ணாடியில் அடித்தகட்டின் வேர்ப்பகுதியைப் பாருங்கள், விரிசல் தொடங்குவது அங்கேதான்.

நீங்கள் மூட்டு அறுவையிலிருந்து வந்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்டியோடோமுக்கு இரு பக்கமும் சரிவு. உளி என்று நாம் சொல்லும் சீசலுக்கு ஒரு பக்கம் மட்டுமே சரிவு. தெரியாத கையில் ஆஸ்டியோடோமைக் கொடுத்தால் ஒரு பக்கத்தையே மீண்டும் மீண்டும் தேய்த்து அதை உளியாக்கிவிடுவார்கள். அறுவை மருத்துவர் நேராக அடிப்பதாக நினைப்பார், அதுவோ சரிவுக்கு ஏற்ப விலகி ஓடும். சாணையிலிருந்து திரும்பும் ஒவ்வொரு ஆஸ்டியோடோமையும் பக்கவாட்டில் வைத்துப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பில் விலகி ஓடும் உளி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருதாணி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவுப் பணியில் எங்களிடமுள்ள ஏழு கெரிசன்களையும் எடுத்து வைத்து அட்டைச் சோதனை செய்தேன். அன்றைக்கு நான் கொடுத்த 3 மில்லிமீட்டரும் 4 மில்லிமீட்டரும் தேறவில்லை. அதிகம் பயன்படுபவை என்பதால் அவை முதலில் மழுங்கியிருக்கும் என்று நினைத்தேன். 3 மில்லிமீட்டரின் பள்ளத்தில் கருப்பாக இறுகியிருந்ததைத் துப்புரவு செய்தபின் மீண்டும் சோதித்தேன்; கிருமி நீக்கப் பிரிவுப் பொறுப்பாளர் சொன்னபடியே அது அட்டையை முழுவதும் அறுத்தது. 4 மில்லிமீட்டர் அப்போதும் நூல்விட்டது. எதிர்பாராத வகையில் 2 மில்லிமீட்டரின் அடித்தகட்டு வேரில் முடிபோன்ற ஒரு கோடு தெரிந்தது. அட்டையை அது நன்றாகவே வெட்டுகிறது. இதையும் ஒதுக்க வேண்டுமா, அல்லது பயன்பாட்டில் வைத்துக் கவனித்து வரலாமா?

தண்டுவட அறுவை மருத்துவர்

இன்றே ஒதுக்கிவிடுங்கள், சாணைக்கும் அனுப்ப வேண்டாம். அந்தக் கோடு ஒடியும்போது தகட்டின் துண்டு குழலுக்குள், டியூராவின்மேல் விழும். அப்படி எப்போதாவது நேர்ந்தால் கருவியின் மீதிப் பகுதியைப் பத்திரப்படுத்தி, விடுபட்ட துண்டின் அளவை அதை வைத்துக் கணித்து, காயத்தை மூடுமுன் சி-ஆர்ம் எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லுங்கள். துண்டு கண்ணெதிரே கிடைத்துப் பொருத்திப் பார்க்கும்வரை கருவிக் கணக்கு முடிந்தது என்று கையொப்பம் இடாதீர்கள். 4 மில்லிமீட்டருக்குப் பதில் புதியது கேட்கும்போது, அது கடித்த அட்டையையே விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.