மறுமொழி: படிப்பகத்துக்கு இரும்புப் பெட்டிக் கட்டடம் – முன்பணம் கொடுப்பதற்கு முன்

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

பழைய படிப்பகத்தை இடித்துவிட்டு, பேக்டரியில் செய்து வரும் இரும்புப் பெட்டிகளை அடுக்கி மாடியோடு கட்டலாம் என்று துபாய் மாமா போன வாரம் எழுதியிருந்தார். சிங்கப்பூரில் இந்த வேலையில் இருக்கும் நம்ம பிள்ளைகள் சொல்லட்டும் என்றும் கேட்டிருந்தார். பதினோரு வருடமாக இங்கே சைட்டில் நிற்கிறேன். கடைசி நாலு வருடம் பெட்டி அடுக்கும் வேலைதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், மாமா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பெட்டி என்பது ஒரு முழு அறை. தரைக்கு டைல்ஸ் ஒட்டி, ஜன்னல் மாட்டி, வயர் இழுத்து, குளியலறைக் குழாய்கூடப் பொருத்தி, மழை படாமல் சுற்றிக் கட்டி ட்ரெய்லரில் வந்து இறங்கும். சாங்கி விமான நிலையத்தில் இருக்கிற கிரவுன் பிளாசா ஓட்டலின் 10 மாடி விரிவாக்கம் இப்படிக் கட்டியதுதான். 2016இல் திறந்தார்கள், 243 அறை. இரும்புப் பெட்டிகள் ஷாங்காயில் தயாராகிக் கப்பலில் வந்தன. அடுக்கி முடிக்க 26 நாள். மாமா பார்த்த வீடியோவும் இதுபோல ஒன்றாக இருக்கும். அந்த 26 நாளுக்கு முன்னால் வரைபடம், அஸ்திவாரம், பேக்டரி என்று மாதக்கணக்கில் வேலை நடந்திருக்கும். சுவர் எழும்பிய பிறகு "இங்கே ஒரு பிளக் பாயின்ட் வேணும்" என்று கொத்தனாரிடம் சொல்கிற வழக்கம் இதில் செல்லாது. எல்லாவற்றையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

கான்கிரீட்டிலும் பெட்டி உண்டு. ஆனால் ஒன்றே 30 டன்னைத் தொடும். இரும்புச் சட்டம் போட்டால் பெரும்பாலும் 20 டன்னுக்குள் அடங்கும். எடை குறைந்தால் சின்ன கிரேன் போதும், அஸ்திவாரமும் குறையும். சட்டம் எப்படி நிற்கிறது என்பதற்கு நம்ம வீட்டுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் முழுக்க நாலு காலில். சுவர் வெறும் மறைப்புதான். அதனால் ஒரு பக்கச் சுவரை எடுத்துவிட்டு, இரண்டு பெட்டியைச் சேர்த்து ஒரே பெரிய கூடமாக்கலாம். படிப்பகத்துக்கு இது நல்ல வசதி. லண்டன் பக்கம் கிராய்டனில் 44 மாடி வரைக்கும் இரும்புப் பெட்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கே காற்றின் தள்ளுவிசையைத் தாங்குவது நடுவில் நிற்கும் கான்கிரீட் கூண்டு, பெட்டிகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

கட்டில்மேல் கட்டில் அடுக்கினால் கால்மேல் கால் சரியாக உட்கார வேண்டும் இல்லையா? நான் வேலை செய்த ஒரு சைட்டில், அஸ்திவாரத்தில் பதித்த தகடு ஒரு மூலையில் 12 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பெட்டியின் அகலம் 3 மீட்டர். மூன்று பெட்டி உயரம் போனதும் உச்சியில் மூன்றரை சென்டிமீட்டர் சாய்ந்து நின்றது. போல்ட் துளைகள் ஒத்துவரவில்லை. மூன்றையும் இறக்கி, தகடு சரிசெய்து, மறுபடி ஏற்றினோம். செங்கல் சுவரில் அந்த 12 மில்லியைப் பூச்சிலேயே சரிக்கட்டியிருப்பார் நம்மூர்க் கொத்தனார். இரும்பில் அப்படிப் பூச்சில் மறைக்க முடியாது.

இந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வெயிலில் சாரத்தில் தொங்கிக்கொண்டு செய்த பாதி வேலை இதில் தரைமட்டத்தில், கூரைக்குக் கீழே முடிந்துவிடுகிறது. நம்ம பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் உயரத்தில் நிற்கிறார்கள் என்று தெரிந்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இனி நம்மூருக்கு வருகிறேன். எடை குறைவு என்பதில்தான் எனக்குப் பயமும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி தகரக் கூரைகள் எங்கே போய் விழுந்தன என்று எல்லாருக்கும் தெரியும். புயல் காற்று கட்டடத்தைத் தள்ளுவதோடு நிற்காது, மேலே தூக்கவும் செய்யும். கான்கிரீட் கட்டடம் தன் எடையாலேயே தரையில் கிடக்கும். இரும்புப் பெட்டியை அஸ்திவாரத்தில் ஆங்கர் போல்ட் (கான்கிரீட்டுக்குள் பதிக்கும் போல்ட்) போட்டுப் பிடித்தாக வேண்டும், மேல் பெட்டியைக் கீழ்ப் பெட்டியோடும் பிணைக்க வேண்டும். போதாக்குறைக்கு நம்ம மண் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். உப்பும்போது லேசான கட்டடத்தைத்தான் அதிகம் அசைக்கும்.

தீயும் துருவும் பாக்கி. 550, 600 டிகிரி சூட்டில் இரும்பு பாதி பலத்தை இழந்துவிடும். அதனால் ஒவ்வொரு காலையும் பீமையும் தீ தாங்கும் போர்டு வைத்து மூட வேண்டும். இரண்டு பெட்டிக்கு நடுவில் இருக்கும் இடைவெளியையும் தளத்துக்குத் தளம் அடைக்க வேண்டும், இல்லையென்றால் புகை அதன் வழியாக மாடிக்கு ஏறிவிடும். புத்தகம் நிறைந்த இடம், மாமா. துருவுக்கு, பெயின்ட் மட்டும் அடித்தால் பத்தாது, துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு வேண்டும். வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பூச்சு போய்விடும், அங்கே மறுபடி பூச வேண்டும்.

என் கருத்து இதுதான்: முழுப் பெட்டி நமக்கு வேண்டாம். இரும்புச் சட்டத்தைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, இடத்திலேயே போல்ட் போட்டு நிறுத்தி, சுவரை நம்மூர்ச் செங்கலில் கட்டலாம். சின்ன லாரி போதும், ஊரிலேயே நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும். பெட்டியேதான் வேண்டும் என்று நம்ம ஊர்ச் சங்கம் முடிவு செய்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் மண் பரிசோதனை அறிக்கையும், பொறியாளர் கையெழுத்திட்ட ஆங்கர் வரைபடமும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஊரில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேலை. மெயின் ரோட்டிலிருந்து திரும்புகிற வாய்க்கால் பாலத்தின் அகலத்தை, கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமாக டேப் பிடித்து அளந்து அனுப்புங்கள். பெட்டி 3 மீட்டர் வரும், ட்ரெய்லர் திரும்ப அதற்கு மேலும் இடம் வேண்டும். மின்கம்பி எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்றும் பார்த்து எழுதுங்கள். கம்பியைத் தொட்டுவிடாமல் தூரத்திலிருந்தே பாருங்கள்.

அன்புடன்,
கீழத்தெருக்காரன், சிங்கப்பூர்